முகம் உள்ளூர், பாஸ்போர்ட் வெளிநாடு: திருச்சிக்குக் குடிவருகிறவர்களுக்கு

நம்மில் பலர் மலேசியா, சிங்கப்பூர், கனடா பாஸ்போர்ட்டோடு தமிழ்நாட்டில் வந்து தங்க ஆரம்பித்திருக்கிறோம். சிலர் கல்யாணமாகி வருகிறார்கள், சிலர் வயதான அம்மா அப்பாவைப் பார்த்துக்கொள்ள வருகிறார்கள். வேலைக்காக வருகிறவர்களும் உண்டு. சென்னைக்குப் போகிறவர்களுக்கு வழிகாட்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். திருச்சி, மதுரை, தஞ்சாவூர் பக்கம் வருகிறவர்கள்தான் தட்டுத்தடுமாறுகிறார்கள். நான் கிள்ளானில் பிறந்தவள். கணவர் திருச்சிக்காரர். மலேசியக் குடியுரிமையை விடாமல் இங்கே குடும்பம் நடத்துகிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

திருச்சியில் இறங்கியதும் வெளிநாட்டுக்கு வந்த உணர்வே வராது. கோலாலம்பூர், சிங்கப்பூர், கொழும்பு எல்லாவற்றுக்கும் இங்கிருந்து நேரடி விமானம் இருக்கிறது. காந்தி மார்க்கெட்டில் பேரம் பேசலாம், ஆட்டோக்காரரிடம் வழி சொல்லலாம், பக்கத்து வீட்டு அக்கா அன்றைக்கே குழம்பு கொண்டுவந்து கொடுத்துவிடுவார். ஆனால் ஒரு கவுன்டர் முன்னால் போய் நின்ற நிமிடத்தில் நாம் வெளிநாட்டவர். சிக்கல் என்னவென்றால், கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு அது தெரியாது. நம் முகத்தையும் பேச்சையும் வைத்து உள்ளூர்க்காரர் என்றே முடிவு செய்து, உள்ளூர்க்காரருக்கான படிவத்தை நீட்டிவிடுவார்.

வங்கியில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எந்த வங்கி என்பது முக்கியமில்லை, எங்கேயும் இதேதான். "கணக்கு ஆரம்பிக்கணும் சார்" என்றேன். "ஆதார், பான் கார்டு குடுங்கம்மா" என்றார். மலேசியப் பாஸ்போர்ட்டை நீட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா, இந்தியப் பாஸ்போர்ட் எங்க?" என்றார். இல்லை என்றதும், "அப்ப என்ஆர்ஐயா? அந்த டேபிளுக்குப் போங்க" என்று அனுப்பினார். அந்த மேசையில் இருந்த பெண் என்னைத் திரும்ப இவரிடமே அனுப்பினார். இருவருமே நல்லவர்கள், உதவ நினைத்தவர்கள்தான். இந்த ஊரிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் ஏராளம் என்பதால், போனவர்களுக்கான என்ஆர்ஐ மேசை எல்லாக் கிளையிலும் இருக்கிறது. வந்தவர்களுக்கான மேசைதான் இல்லை.

அதனால் எங்கே போனாலும் முதல் வாக்கியமே இதுவாக இருக்கட்டும்: "நான் வெளிநாட்டுக் குடிமகள், இன்ன நாட்டுப் பாஸ்போர்ட், இன்ன விசா." ஊர் விசாரிப்பு, சொந்தபந்தம் எல்லாம் அதற்கு அப்புறம். தமிழில் சொல்லும்போது அவர்கள் ஒரு கணம் குழம்புவார்கள். பரவாயில்லை, அங்கேயே குழம்பித் தெளிவது நல்லது. பாதி வேலை முடிந்தபின் குழம்பினால் கோப்பு மாதக்கணக்கில் தூங்கும்.

கணக்கு விஷயத்தில் விதி இதுதான். இங்கேயே தங்கும் நோக்கத்தோடு, வேலைக்காகவோ குடும்பத்தோடு வாழவோ வந்திருக்கும் வெளிநாட்டுக் குடிமக்கள் சாதாரண சேமிப்புக் கணக்கே தொடங்கலாம். ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினருக்கும் இந்தியரை மணந்தவர்களுக்கும் இந்திய அரசு தரும் நீண்டகால அட்டை) வைத்துக்கொண்டு வெளிநாட்டிலேயே வசிப்பவர்களுக்குத்தான் என்ஆர்ஓ, அதாவது வெளிநாட்டில் வசிப்பவர் இங்கே வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கு. சின்னக் கிளையில் வாதாடுவதைவிட, ஊரின் பிரதான கிளைக்குப் போய் மேலாளரையே பாருங்கள். பாகிஸ்தான், வங்கதேசக் குடிமக்களுக்கு மட்டும் விதி வேறு.

இனி எல்லாவற்றுக்கும் அடித்தளமான பதிவு. விசா 180 நாளுக்கு மேற்பட்டது என்றால், இந்தியாவுக்குள் வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு செய்ய வேண்டும். எஃப்ஆர்ஆர்ஓ எனப்படும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இ-எஃப்ஆர்ஆர்ஓ தளத்தில் ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். எஃப்ஆர்ஆர்ஓ அலுவலகம் இல்லாத மாவட்டங்களில் காவல் கண்காணிப்பாளர்தான் பதிவு அதிகாரி. 2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் உட்பட நான்கு பழைய சட்டங்கள் போய்விட்டன. பழைய வீடியோக்களைப் பார்த்துத் தயாராகாதீர்கள், தளத்தில் இன்றைக்கு என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பதிவு தேவையில்லை.

இதில் பலரும் தவறவிடும் ஒன்று, பழகிய பெயரில் சொன்னால், 'சி ஃபாரம்'. ஒரு வெளிநாட்டவர் தங்கினால் தங்க இடம் கொடுத்தவர் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். லாட்ஜுக்கு மட்டுமில்லை, வீட்டுக்கும் இது பொருந்தும். மாமியார் வீட்டில் தங்கினால் மாமியார் வீட்டார் தெரிவிக்க வேண்டும். "நம்ம பொண்ணு, இதுக்கெல்லாம் எதுக்கு போலீசு?" என்பார்கள். பொறுமையாக உட்கார வைத்துச் செய்ய வையுங்கள். பிறகு பதிவுக்குப் போகும்போது முகவரிக்கான முதல் ஆதாரமே அதுதான்.

இதே காரணத்தால்தான் சின்ன ஊர் லாட்ஜுகளில் நம்மை ஏற்க மாட்டார்கள். குடும்பத்தோடு வேளாங்கண்ணி, கும்பகோணம் போவீர்கள். அறை பேசி, பணம் கொடுத்து, பாஸ்போர்ட்டை நீட்டியதும் "ஃபாரினர் எடுக்கிறதில்ல" என்று பதில் வரும். இரவு பத்து மணிக்குக் குழந்தைகளோடு வேறு இடம் தேடுவது கொடுமை. கிளம்பும் முன்பே போனில் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

வீடு பற்றிப் பலர் கேட்கிறார்கள். தில்லை நகரில் மருத்துவமனை, கடை எல்லாம் காலடியில் இருக்கும், வாடகையும் அதற்கேற்ப இருக்கும். ஸ்ரீரங்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் சைவம் சாப்பிடுகிறவர்களுக்கே வீடு என்று சொல்பவர்கள் உண்டு, முதலிலேயே கேட்டுவிடுங்கள். பெல் தொழிற்சாலை, என்ஐடி கல்லூரி பக்கம் வேலை என்றால் திருவெறும்பூர். அடிக்கடி வெளியூர் போகிறவர்கள் பஞ்சப்பூர் புதிய பேருந்து முனையத்தைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஜூலையிலிருந்து பெரும்பாலான வெளியூர் பஸ்கள் அங்கிருந்துதான் போகின்றன. வீடு பார்க்கும்போது, காவிரித் தண்ணீர் வருகிறதா, எத்தனை மணிக்கு, கீழே சம்ப் இருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் கேட்காமல் எதிர்வீட்டில் கேளுங்கள். போர் தண்ணீர் மட்டும் என்றால் குடிக்கக் கேன் வாங்க வேண்டியிருக்கும்.

ஒப்பந்தம் வழக்கமாக 11 மாதத்துக்கு முத்திரைத்தாளில் எழுதிக் கையில் கொடுப்பார்கள். உள்ளூர்க்காரருக்கு அது போதும். நமக்கு அந்தக் காகிதம்தான் முகவரிச் சான்று என்பதால், தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி அதைப் பதிவு செய்துதரக் கேளுங்கள். 2017-இல் இயற்றி 2019-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அது. தனியாக வேறு உடன்பாடு இல்லையென்றால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக்கூடாது என்றும் அதில் இருக்கிறது. இலங்கைப் பாஸ்போர்ட்டில் வருகிறவர்கள் ஒன்று கவனியுங்கள்: ஓசிஐ இல்லாத இலங்கைக் குடிமக்கள் ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை எடுக்கவோ சொத்து வாங்கவோ ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும். ஓசிஐ இருப்பவர்கள் வீடு வாங்கலாம், ஆனால் விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டம் வாங்க முடியாது. "ஊர்ல ரெண்டு ஏக்கர் வாங்கிப் போடுங்க" என்று சொந்தக்காரர்கள் ஆசை காட்டும்போது இது நினைவில் இருக்கட்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் அலைச்சல். இனிச் சொல்வது ஆபத்து, இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். தெருவில் நம்மேல் பிரியம் வைத்தவர்கள், "ரேஷன் கார்டுல பேரைச் சேத்துடலாம், அப்படியே வோட்டர் ஐடியும் போட்டுடலாம்" என்று அன்பாகவே சொல்வார்கள். ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். வாக்காளர் பட்டியலில் சேர இந்தியக் குடிமகன் என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். பொய்யான உறுதிமொழி குற்றம். ஓசிஐ இருந்தாலும் ஓட்டுரிமை கிடையாது. 2025 நவம்பரில் பட்டியலின் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது வீடு வீடாகப் படிவம் கொண்டுவந்தார்கள். அப்படி வரும்போது வீட்டில் இருக்கும் பெரியவர்கள் நம் பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிடக் கூடும். முன்கூட்டியே வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். நமக்கு அன்பு காட்டியவர் கையெழுத்து வாங்கினார் என்பது பின்னால் விசா நீட்டிப்பில் காரணமாக எடுபடாது.

ஆதார் வேறு விஷயம், அது குடியுரிமைச் சான்று இல்லை. விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 12 மாதத்தில் 182 நாள் இந்தியாவில் தங்கியிருந்தால் வெளிநாட்டவருக்கும் கிடைக்கும். அதற்கென்று தனிப் படிவம் இருக்கிறது. சேர்க்கை மையத்தில் வழக்கமான படிவத்தையே எடுத்து வேகமாகத் தட்டச்சு செய்துவிடுவார்கள். திரையைப் பார்த்துக்கொண்டே நில்லுங்கள், குடியுரிமை என்ற இடத்தில் என்ன போட்டிருக்கிறது என்று படித்துவிட்டே ஒப்புதல் கொடுங்கள். ஓசிஐ வைத்திருப்பவருக்கு ஆதார் 10 ஆண்டு செல்லும், விசாவில் இருப்பவருக்கு விசா முடியும் வரை.

அதே 182 நாள் வருமான வரியிலும் வருகிறது. ஒரு நிதியாண்டில் அவ்வளவு நாள் இருந்தால் வரிக் கணக்கில் இங்கே வசிப்பவர் ஆகிவிடுவீர்கள். நீண்ட காலம் வெளிநாட்டில் இருந்து வந்தவர்களுக்கு முதல் ஓரிரு ஆண்டுகள் அங்குள்ள வருமானத்துக்குச் சலுகை நிலை உண்டு. அங்கே இருக்கும் உங்கள் வீட்டிலிருந்து வாடகை வந்துகொண்டிருந்தால் வந்த முதல் வருடமே நல்ல ஆடிட்டரைப் பாருங்கள்.

எனக்குக் கேள்வி எழுதியவர்களுக்குப் பதில்கள்:

கல்யாணமாகி இங்கே குடிவர எந்த விசா, ஓசிஐ எப்போது என்று கேட்டு மலேசியாவின் ஈப்போவிலிருந்து எழுதிய தங்கைக்கு. கணவர் இந்தியக் குடிமகன் என்பதால் முதலில் எக்ஸ் விசா எனப்படும் நுழைவு விசாவில் வாங்கம்மா. கல்யாணம் பதிவாகி இரண்டு வருடம் தொடர்ந்து நிலைத்த பிறகு மனைவி என்ற முறையில் ஓசிஐக்கு விண்ணப்பிக்கலாம். கோயிலில் கொடுத்த திருமணச் சீட்டு போதாது, அரசுப் பதிவு வேண்டும். சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்வதானால் 30 நாள் அறிவிப்பு உண்டு, அதைக் கணக்குப் போட்டு வாங்க. நம் பாட்டன் பூட்டன் வழியாகவும் கேட்கலாம்தான். ஆனால் தோட்டத்து வேலைக்குக் கப்பலேறி வந்தவர்களின் பிறப்புக் காகிதம் நம்மில் பெரும்பாலோரிடம் இல்லை. அதைத் தேடி ஊர் ஊராக அலைவதற்குக் கல்யாண வழி எவ்வளவோ சுலபம்.

பிள்ளைகள் பள்ளி பற்றிக் கேட்ட அண்ணனுக்கு. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி இங்கே பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். மலேசியத் தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு அதில் பயமே வேண்டாம், எழுத்து வாசிப்பில் முன்னாலேயே இருப்பார்கள். கஷ்டப்படப்போவது கணக்கிலும் அறிவியலிலும்தான், பாடம் இங்கே வேகமாக ஓடும். சேர்க்கைக்கு மாற்றுச் சான்றிதழ் கேட்பார்கள். அங்கிருந்து கிளம்பும் முன்பே தலைமையாசிரியரிடம் கடிதமும் மதிப்பெண் பட்டியலும் முத்திரையோடு வாங்கி வாருங்கள்.

சிம் கார்டு பற்றிக் கேட்டவர்களுக்கு. உள்ளூரில் ஒருவர் உத்தரவாதமாகத் தன் எண்ணைக் கொடுக்க வேண்டும். மச்சான் பெயரில் வாங்கிக்கொண்டு ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். வங்கி, பதிவு, ஆதார் எல்லாமே அந்த எண்ணுக்கு வரும் ஓடிபியில்தான் நடக்கும், எண் உங்கள் பெயரில் இருக்கட்டும்.

எந்த மாதம் வரலாம் என்று கேட்ட அக்காவுக்கு. பள்ளி ஜூனில் திறக்கும், முழுப்பரீட்சை ஏப்ரலோடு முடியும். அதனால் வீடுகள் அதிகம் காலியாவது ஏப்ரல், மே மாதங்களில்தான். வெயில் கொளுத்தும் சமயமும் அதுதான். காலை ஆறரைக்குக் கிளம்பிப் பத்து மணிக்குள் இரண்டு மூன்று வீடு பார்த்துவிட்டு வந்துவிடுங்கக்கா. மின்வாரியம் பராமரிப்புக்காக மாதத்தில் ஒரு நாள் பகல் முழுக்க கரண்டை நிறுத்தும். எந்தப் பகுதி, எந்தத் தேதி என்று முந்தின நாள் பேப்பரில் வரும். உங்கள் வயதுக்கு இன்வெர்ட்டர் இல்லாத வீட்டை எடுக்காதீர்கள், அட்வான்ஸ் கொடுக்கும் முன் அதைப் பேசி முடித்துவிடுங்கள்.