சினைப்பருவம்: மாடு கத்தவே இல்லை, வாலில் ரத்தக்கறை. இப்போது ஊசி போடலாமா?

கேள்வி:
ஜெர்சி கலப்பு, இரண்டாம் ஈத்து. கன்று போட்டு 75 நாள் ஆகிறது. மேய்ச்சல் கிடையாது, கொட்டகையில் கட்டியே வளர்ப்பு. கத்தவில்லை, தீனியும் குறையவில்லை. இன்று காலை வாலில் ரத்தக்கறை இருக்கிறது. சினை ஊசிக்கு (செயற்கைக் கருவூட்டல்) சொல்லலாமா?

பதில் 1:
வேண்டாம் தம்பி, இப்போது போட்டால் சினை நிற்காது. பருவம் அடங்கி ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் இந்த ரத்தம் வரும். பருவம் அடங்கி 10–12 மணி நேரத்திலேயே கருமுட்டை வெளிவந்துவிடும். ரத்தம் நோய் இல்லை, பயப்படாதீர்கள். மாடு சுழற்சிக்கு வந்துவிட்டது என்று தெரிந்ததே நல்லது. இன்றைய தேதியைக் காலண்டரில் குறித்துவிட்டு, 16ஆம் நாளிலிருந்து 22ஆம் நாள் வரை அடுத்த பருவம் வருகிறதா என்று விடாமல் கவனியுங்கள்.

பதில் 2:
கட்டிப்போட்ட மாடு மற்ற மாட்டின் மேல் தாவ முடியாது. கத்தாத மாடும் நிறைய உண்டு. வழும்பைத்தான், அதாவது பருவத்தில் பிறப்புறுப்பிலிருந்து வழியும் பிசுபிசுப்பான திரவத்தைத்தான், தேட வேண்டும். படுக்கும்போது வயிறு அழுந்தி, உள்ளே தேங்கியது வெளியே வரும். அதனால் இரவு 10 மணிக்கும் விடிகாலை 5 மணிக்கும் டார்ச் அடித்துப் பின்பக்கத் தரை, வால், தொடை மூன்றையும் பாருங்கள். சாணம் அள்ளித் தண்ணீர் ஊற்றிய பிறகு பார்த்தால் ஒன்றும் இருக்காது. பெரும்பாலும் பருவம் தவறுவது இங்கேதான். வழும்பு கண்ணாடி போலத் தெளிவாக, அறுந்துவிடாமல் கயிறாகத் தொங்க வேண்டும். பிறப்புறுப்பு தடித்துச் சுருக்கம் மறைந்திருக்கும், விரித்துப் பார்த்தால் உள்ளே சிவந்து ஈரமாக இருக்கும். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக மூத்திரம் விடும், அன்றைக்குப் பாலும் குறையலாம்.

இன்னொரு மாடு இருந்தால் காலை மாலை அரை மணி நேரம் மண் தரையில் சேர்த்து அவிழ்த்துவிடுங்கள். சிமென்ட் தரை வழுக்கும், தாவாது. ஏறுகிற மாட்டை விட, ஏறவிட்டு அசையாமல் நிற்கிற மாடுதான் உறுதியான பருவத்தில் இருக்கிறது.

கேட்டவர்:
நன்றி அண்ணா. இரவு 10 மணிக்கு வழும்பு தெரிந்தால் அப்போதே டாக்டரைக் கூப்பிடணுமா? வழும்பு வெள்ளையாக இருந்தால்?

பதில் 2:
இரவில் தெரிந்தால் மறுநாள் காலை, காலையில் தெரிந்தால் அன்று மாலை. வெள்ளைத் திட்டோ சீழோ கலந்திருந்தால் கருப்பையில் புண் இருக்கலாம். அந்தப் பருவத்தில் ஊசி வேண்டாம். மருத்துவரிடம் காட்டிச் சிகிச்சை முடித்துவிட்டு அடுத்த பருவத்தில் போடுங்கள்.

பதில் 1:
தாது உப்புக் கலவை தினம் 50 கிராம் தருகிறீர்களா? இல்லையென்றால் இன்றே தொடங்குங்கள். ஊசி போட்ட 18ஆம் நாளிலிருந்து 24ஆம் நாள் வரை அதே டார்ச் சோதனை மறுபடியும் வேண்டும். வழும்பு வராவிட்டாலும் சினை என்று முடிவு செய்துவிடாதீர்கள், மூன்றாம் மாதம் மருத்துவரிடம் ஆசனவாய் வழியே கையை விட்டுச் சினை பார்க்கச் சொல்லுங்கள்.