அக்காவின் புகார் மூன்று முறை ‘சமாதானம்’ ஆகிவிட்டது. அடுத்து எங்கே போவது?

கேள்வி: குடியாத்தம் தங்கை

என் அக்காவை ஆம்பூரில் கட்டிக்கொடுத்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அங்கேயே ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறாள். குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவர்மீது மகளிர் காவல் நிலையத்தில் மூன்று முறை புகார் கொடுத்தோம். ஒவ்வொரு முறையும் இரு வீட்டாரையும் உட்காரவைத்துப் பேசி, ‘இனி அடிக்க மாட்டேன்’ என்று வெள்ளைத்தாளில் எழுதி வாங்கி, அதன் கீழே அக்காவையும் கையெழுத்துப் போடச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது தாள் எழுதிய நான்காம் நாள், கண்ணாடி வளையல் உடைந்து அவளுடைய மணிக்கட்டில் நான்கு தையல். கணவர் பக்கத்திலேயே நின்றதால், மருத்துவரிடம் ‘குளியலறையில் வழுக்கி விழுந்தேன்’ என்று சொல்லியிருக்கிறாள்.

இப்போது அம்மா வீட்டில் இருந்தபடி கம்பெனி பேருந்தில் வேலைக்குப் போய்வருகிறாள். அவர் கம்பெனி வாசலில் வந்து நிற்கிறார். வீடு மாமனார் பெயரில் இருப்பதால் அவளுக்கு அங்கே உரிமையில்லை என்கிறார்கள். போதாக்குறைக்கு, ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டம் என்பதால் அங்கே போங்கள் என்று ஓர் அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாங்கள் எந்தக் கதவைத் தட்டுவது?

பதில் 1: காட்பாடி வழக்கறிஞர்

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததற்காக உங்கள் அக்கா அலைய வேண்டியதில்லை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 27-ஆவது பிரிவின்படி, பாதிக்கப்பட்டவர் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் நீதித்துறை நடுவரிடமும் (மாஜிஸ்திரேட்) மனு செய்ய வழி தருகிறது. அம்மா வீட்டில் இருப்பதால் குடியாத்தத்திலேயே மனு போடலாம். வேலூர் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருப்பார். நடந்ததைக் கேட்டு, குடும்ப வன்முறை அறிக்கையைத் தயாரித்து நடுவருக்கு அனுப்புவது அவருடைய கடமை. இவரைப் பற்றியும், இலவசச் சட்ட உதவி பற்றியும், தனியாகக் குற்ற வழக்குப் பதிய முடியும் என்பதைப் பற்றியும் புகார் கொடுக்க வரும் பெண்ணிடம் காவல்துறையே எடுத்துச் சொல்ல வேண்டும் என்கிறது 5-ஆவது பிரிவு. மூன்று முறை போயும் ஒருவரும் சொல்லவில்லை என்பதுதான் எனக்குக் கோபமூட்டுகிறது.

வாசலில் வந்து நிற்பதற்கும் மருந்து உண்டு. வேலை செய்யும் இடத்துக்குள் அவர் நுழையக் கூடாது, அவளைத் தொடர்புகொள்ள முயலக் கூடாது என்று 18-ஆவது பிரிவின்கீழ் உத்தரவு பெறலாம். மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வீட்டைப் பொறுத்தவரை, மாமனார் பெயரில் உள்ள வீட்டில் மருமகளுக்கு இடமில்லை என்பது 2006-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2020-இல் அதே நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. அவள் வாழ்ந்த வீடு யார் பெயரில் இருந்தாலும் அங்கே வசிக்கும் உரிமையைக் கோரலாம். வீடு அவளுக்குச் சொந்தமாகிவிடும் என்பது இதன் பொருளல்ல.

பதில் 2: வாலாஜா வாசகி

இந்த வழியில் நடந்தவள் என்பதால் சொல்கிறேன். முதல் விசாரணையிலிருந்து 60 நாட்களுக்குள் முடிக்க நடுவர் முயல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. எனக்கு ஏழு மாதம் ஆனது. ஆனாலும் முதல் நாளே இடைக்கால உத்தரவு கேட்கச் சொல்லுங்கள், நான் அதை வைத்துத்தான் தாக்குப்பிடித்தேன். அக்கா மீண்டும் மருத்துவமனைக்குப் போய், காயம் எப்படி ஏற்பட்டது என்ற உண்மையைச் சொல்லி எழுத்தில் பதியவைப்பது நல்லது. சீர்நகைகளின் பட்டியலும் மனுவில் இருக்கட்டும். அவற்றைத் திருப்பித் தரச் சொல்லவும் நடுவரால் முடியும்.

பதில் 3: ஆரணிப் பெரியவர்

அடிப்பது தவறுதான், மறுக்கவில்லை. ஆயினும் நீதிமன்றம் என்று போய்விட்டால் பிறகு சேர்ந்து வாழ முடியுமா? ஊர்ப் பெரியவர்களை வைத்து இன்னொரு முறை பேசிப் பார்க்கலாமே.

பதில் 4: காட்பாடி வழக்கறிஞர்

ஐயா, இந்தச் சட்டத்தில் நிவாரணம் கேட்க விவாகரத்து தேவையில்லை; பலரும் இதை மாற்றிப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். சேர்ந்து வாழ்ந்துகொண்டே பாதுகாப்பு உத்தரவு வைத்திருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். ஆலோசனைக்கு அனுப்பும் அதிகாரமும் நடுவருக்கு உண்டு. அங்கே பேசி முடிப்பது நீதிமன்றப் பதிவேட்டில் ஏறும். வெள்ளைத்தாளில் எழுதியதை எங்கே தேடுவது?

தங்கைக்கு ஒரு சொல்: மூன்று புகார்களுக்கும் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சான்று) தந்திருக்க வேண்டும், எடுத்து வையுங்கள். வழக்கறிஞருக்குப் பணமில்லையென்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்கமாட்டார்கள். இரவில் ஆபத்து என்றால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள்.

குடியாத்தம் தங்கை

மிக்க நன்றி. ரேஷன் அட்டை உறைக்குள் ஒரே ஒரு ரசீதுதான் இருந்தது. மற்ற இரண்டு முறையும் கேட்கவே தோன்றவில்லை என்கிறாள். திங்களன்று அவளுக்கு விடுப்பு கிடைக்காது. செவ்வாய்க்கிழமை இருவரும் வேலூருக்குப் போகிறோம்.