டவுன்லோட்ஸுக்குள் எல்லாவற்றையும் போட்டு வைத்தால் போதுமா?

கடைவீதி கொமினிக்கேஷன்:
நேற்றுப் பின்னேரம் கடையைப் பூட்டப் போகிற நேரம் மூதூரில் இருந்து ஓர் அம்மா வந்தார். மகனுடைய விண்ணப்பம் ஒன்று இரவு 12 மணியோடு முடிகிறது, பிறப்புச் சான்றிதழை ஏற்கனவே ஸ்கேன் பண்ணி பென் டிரைவில் வைத்திருக்கிறேன், ஏற்றி விட்டால் சரி என்றார். பென்னைப் போட்டுப் பார்த்தால் ஸ்கேன்0001 இல் இருந்து ஸ்கேன்0063 வரைக்கும் வரிசையாக நிற்கிறது. ஒவ்வொன்றாகத் திறந்தோம். 17ஆவது சான்றிதழின் பின்பக்கம். முன்பக்கம் 41இல் கிடைத்தது. இடையில் யாரோ ஒருவருடைய வங்கிப் புத்தகம், கல்யாண அழைப்பிதழ், ஒரே அடையாள அட்டை நாலு தரம். அவர் போக வேண்டிய கடைசி பஸ் போய்விட்டது, பிறகு ஓட்டோ பிடித்துத்தான் அனுப்பி வைத்தேன்.

இதை எழுதுவது அவரைக் குறை சொல்ல இல்லை. ஸ்கேன் பண்ணிக் கொடுத்த கடைக்காரர் ஒரு பெயர் வைத்துக் கொடுத்திருக்க வேண்டும். நான் சொல்வது ஒன்றுதான்: கோப்பு கொம்பியூட்டருக்குள் வரும் அந்த நிமிடத்திலேயே பெயர் வையுங்கள், பிறகு மாற்றலாம் என்று விட்டது எதுவும் மாறுவதில்லை. குரோம் பிரவுசரில் செட்டிங்ஸுக்குள் டவுன்லோட்ஸ் பகுதிக்குப் போனால், ஒவ்வொன்றையும் இறக்கும் முன் எங்கே சேமிப்பது என்று கேட்கச் சொல்லலாம், ஃபயர்ஃபொக்ஸிலும் அதே வசதி இருக்கிறது. என் கடையில் எல்லாக் கொம்பியூட்டரிலும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஆளுக்கொரு போல்டர், அதற்குள் சான்றிதழ், விண்ணப்பம், படம்.

உவர்மலைப் பெடியன்:
அண்ணை, அந்த அம்மாவுக்கு நடந்தது கவலைதான், ஆனால் நீங்கள் சொல்லும் மருந்து எனக்குச் சரியாகப் படவில்லை. போல்டர் போட்டு அடுக்குவது பைல் கட்டு அலுமாரி காலத்துப் பழக்கம். 2008இல் குரோம் வந்தபோதே முகவரி எழுதும் பெட்டியையும் தேடும் பெட்டியையும் ஒன்றாக்கித்தான் கொண்டு வந்தார்கள், அதற்குப் பிறகு யார் முகவரியைப் பாடமாக்கி வைத்திருக்கிறோம்? கோப்புக்கும் அது போதும். எங்கள் வீட்டில் அப்பாவின் கொம்பியூட்டரைத் திறந்தால் புதிய போல்டர், அதற்குள் புதிய போல்டர் (2), அதற்குள் 'முக்கியம்', அதற்குள் 'மிக முக்கியம்'. எது எங்கே என்று அவருக்கே தெரியாது. நான் மூன்று வருடமாக எல்லாவற்றையும், இறக்குபவை தானாகப் போய் விழும் டவுன்லோட்ஸ் போல்டரிலேயே விட்டிருக்கிறேன். திகதிப்படி அடுக்கினால் கடைசியாக வந்தது மேலே நிற்கும், பழையது வேண்டுமென்றால் தேடல் பெட்டியில் இரண்டு எழுத்து. பார்த்த பக்கம் திரும்ப வேண்டுமா, ஹிஸ்டரி இருக்கிறது. தப்பித் தவறி டேப்பை மூடிவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றையும் அழுத்தினால் திரும்ப வரும்.

கடைவீதி கொமினிக்கேஷன்:
தம்பி, ஹிஸ்டரியை நம்பி இருக்கிறீர்கள் என்றால் ஒன்றைப் பாருங்கள். குரோமின் ஹிஸ்டரிப் பக்கம் கடந்த 90 நாளில் பார்த்ததை மட்டும்தான் காட்டும். தை மாதம் பார்த்ததைச் சித்திரை முடிய அங்கே தேடினால் இராது. புக்மார்க் போட்டால் முகவரி மட்டும்தான் உங்களிடம் நிற்கும், அந்தத் தளத்துக்காரர் பக்கத்தை எடுத்துவிட்டால் உங்கள் கையில் ஒன்றும் இல்லை.

தேடலுக்கும் அப்படித்தான். ஸ்கேன் பண்ணிய சான்றிதழ் வெறும் படம், அதற்குள் விண்டோஸ் தேடிப் பிடிக்க எழுத்தே கிடையாது. பெயர் ஸ்கேன்0041 என்றால் நீங்கள் 'பிறப்பு' என்று எவ்வளவு நேரம் தேடினாலும் வரப்போவதில்லை. நீங்கள் தேடுவதற்கும் யாரோ ஒருவர் முதலில் பெயர் வைத்திருக்க வேண்டும்.

கிண்ணியா நானா:
இதில் நான் பாதி தம்பியின் பக்கம். ஒரு காரியாலயத்தில் 19 வருடம் எழுதுவினைஞராக இருந்தவன் சொல்கிறேன், போல்டருக்குள் போல்டர் வைப்பதும் ஒரு நோய்தான். முன்னர் இருந்தவர் வருடம், அதற்குள் பிரிவு, அதற்குள் கிராமம், அதற்குள் ஆள், ஒவ்வொன்றுக்கும் முழு வசனம் போல ஒரு பெயர் என்று போட்டு வைத்திருந்தார். கொம்பியூட்டர் மாற்றும்போது எல்லாவற்றையும் வெளி டிஸ்க்குக்குக் கொப்பி பண்ணப் போனால், பெயர் நீளம் கூடிவிட்டது என்று பாதி வழியில் நின்றுவிட்டது. விண்டோஸில் டிரைவில் இருந்து கோப்பு வரைக்கும் முழுப் பாதையும் சேர்த்து 260 எழுத்துத்தான் வழக்கமான எல்லை. ஒரு முழுக் கிழமை இருந்து பெயர்களைக் குறுக்கினேன், தலையிடி.

அதனால் இரண்டு படிக்கு மேல் போகாதீர்கள். பெயரின் முன்னுக்குத் திகதியை வருடம், மாதம், நாள் என்ற ஒழுங்கில் போடுங்கள், 2024-03-09 என்கிற மாதிரி. நாளை முன்னுக்குப் போட்டால் எல்லா மாதத்து 1ஆம் திகதியும் ஒரு கூட்டமாகப் போய் நிற்கும். வருடத்தை முன்னுக்கு வைத்தால் போல்டரே தேவைப்படாத அளவுக்கு வரிசை தானாக வரும்.

நிலாவெளி டீச்சர்:
தேடல் போதும் என்கிற தம்பிக்கு நான் ஒரு கேள்வி வைக்கிறேன். என்னிடம் 2003 தொடக்கம் செய்த வினாத்தாள்கள் இருக்கின்றன, எல்லாமே பாமினியில் தட்டியவை. கோப்பைத் திறந்தால் அழகான தமிழ். ஆனால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், அந்த எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகம் போட்டுக் காட்டுகிறது. இப்போது எல்லோரும் தட்டும் யுனிகோட் தமிழில் 'ஒளித்தொகுப்பு' என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. கோப்பின் பெயரையும் அந்த நாளில் பாமினித் தட்டச்சிலேயே அடித்துவிட்டேன், எக்ஸ்ப்ளோரரில் பார்த்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த ஒரு கோலம். இப்படி வீடு நிறைய வைத்திருக்கும் ஆசிரியர்கள் திருமலையில் எத்தனை பேர் தெரியுமா? எங்களுக்கு வருடம், தரம், பாடம் என்று போட்ட போல்டர்தான் இன்றைக்கும் கை கொடுக்கிறது.

அடுத்தது, எங்கள் பழைய புத்தகங்களை ஸ்கேன் பண்ணி இணையத்தில் வைத்திருக்கும் 'நூலகம்' தளத்தில் இருந்து ஒரு புத்தகத்தை இறக்கிப் பாருங்கள். அங்கே அந்தப் புத்தகத்துக்குக் கொடுத்த எண்தான் கோப்பின் பெயராக வரும். பிள்ளைகளுக்காகப் பத்துப் பழைய சஞ்சிகைகளை இறக்கினால் டவுன்லோட்ஸில் பத்து எண்கள். அவையும் பக்கம் பக்கமாக ஸ்கேன் பண்ணியவை. இப்போது எதைத் தேடுவது?

உவர்மலைப் பெடியன்:
டீச்சர் சொன்ன பாமினி விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். 90 நாள் கணக்கும் எனக்குத் தெரியாது, இப்போதுதான் பார்த்தேன், உண்மைதான்.

ஆனாலும் ஒவ்வொரு முறையும் கேட்க வைப்பது பிழை என்றுதான் இன்னமும் சொல்வேன். அண்ணையின் கடையில் அண்ணை நிற்கிறார், சரி. வீட்டில் என்ன நடக்கும்? அந்தப் பெட்டி வந்தவுடன் சனம் வாசிக்காமல் என்டரைத் தட்டும். குரோம் கடைசியாகச் சேமித்த போல்டரைத்தான் நினைவில் வைத்துத் திறந்து காட்டும், ஆகவே தங்கச்சியின் ஓ.எல். வினாத்தாள் போய் அம்மாவின் மருத்துவ அறிக்கைக்குப் பக்கத்தில் விழும். இது கற்பனை இல்லை, சென்ற மாதம் எங்கள் வீட்டில் நடந்தது. ஒரு மணித்தியாலம் தேடினோம். எல்லாம் டவுன்லோட்ஸில் இருந்திருந்தால் குப்பைதான், ஆனால் ஒரே குப்பை, எங்கே கிளற வேண்டும் என்றாவது தெரியும்.

கடைவீதி கொமினிக்கேஷன்:
இது நியாயமான கதை. என் கடையில் சரி வருவது வீட்டில் சரி வராது, அதை விட்டுத் தருகிறேன். எங்கே வைப்பது என்பதில் நான் இனிப் பிடிவாதம் பிடிக்கவில்லை. பெயர் விஷயத்தில் மட்டும் இறங்க மாட்டேன்.

ஏனென்றால் பென் டிரைவுக்குப் போகும்போதுதான் உண்மையான இழப்பு நடக்கிறது. கோப்பைப் பிடித்து இழுத்து விட்டால், ஒரே டிரைவுக்குள் என்றால் அது இடம் மாறும், வேறு டிரைவுக்கு என்றால் கொப்பி ஆகும். இந்த வித்தியாசம் தெரியாமல் ஆட்கள் பென்னுக்கு இழுத்தபின் இரண்டு இடத்திலும் ஒரே பெயரைப் பார்த்துக் குழம்பி, ஒன்றை அழிக்கிறார்கள். பென்னில் அழித்தது ரீசைக்கிள் பின்னுக்கு வராது, அங்கேயே முடிந்தது. பெயரில் ஆளும் திகதியும் இருந்தால் அழிக்கிற கை ஒரு கணம் நிற்கும். 'டொக்கியுமென்ட் (14)' என்றால் யார் யோசிப்பார்கள்?

இன்னொன்று, பிரவுசருக்குள்ளேயே பீடிஎஃப் விண்ணப்பத்தைத் திறந்து, பெயர், முகவரி எல்லாம் நிரப்பி, அப்படியே டேப்பை மூடிவிட்டு, 'நேற்று நிரப்பினேன், காணவில்லை' என்று வருகிறவர்கள். நிரப்பியது அந்தத் திரையில் மட்டும்தான் இருந்தது. இறக்கும் பொத்தானை அழுத்தினால் நீங்கள் செய்த மாற்றங்களோடு வேண்டுமா, இல்லாமல் வேண்டுமா என்று கேட்கும், மாற்றங்களோடு என்பதைத் தெரிவு செய்து ஒரு பெயர் போட்டு எடுங்கள். முந்தாநாள் இதைத் தெரியாமல் ஒரு தங்கச்சி ஆறு பக்கத்தை இரண்டாம் தரம் நிரப்பினார், கண் கலங்கிப் போய் இருந்து.

நிலாவெளி டீச்சர்:
பக்கத்தைச் சேமிப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. கன்ட்ரோல் எஸ் அழுத்தி முழுப் பக்கமாகச் சேமித்தால் இரண்டு பொருள் வரும், ஒன்று பக்கம், மற்றது அதே பெயரில் படங்கள் இருக்கும் போல்டர். நான் பக்கத்தை மட்டும் பென்னில் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய், 35 பிள்ளைகளுக்கு முன்னால் படமே இல்லாத பாடத்தைத் திறந்தேன். அன்றில் இருந்து கன்ட்ரோல் பி அழுத்தி, அச்சடிப்பதற்குப் பதிலாக பீடிஎஃப் ஆகச் சேமிக்கிறேன். ஒரே கோப்பு, இணையம் இல்லாமலும் திறக்கும்.

கிண்ணியா நானா:
தம்பி, டவுன்லோட்ஸிலேயே வைத்திருங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் கிழமைக்கு ஒரு தரம் ஒரு பத்து நிமிடம். கோப்பின் மேல் எஃப்2 தட்டினால் பெயர் மாற்றலாம், மாற்றியவுடன் டேப் விசையைத் தட்டினால் அடுத்த கோப்பின் பெயருக்குத் தானாகப் போகும். மவுஸையே தொட வேண்டாம். நான் வெள்ளிக்கிழமை வேலை முடித்து எழும்பும் முன் அதைச் செய்துவிட்டுத்தான் எழும்புவேன்.

உவர்மலைப் பெடியன்:
டேப் விசை எனக்குப் புதிது நானா. இப்போதுதான் 22 கோப்புக்குப் பெயர் மாற்றினேன், நாலு நிமிடம் போனது. அதில் மூன்று, நான் தொலைந்து போனது என்று திரும்ப இறக்கியவை. போல்டர் போட மாட்டேன், ஆனால் பெயர் வைக்கிறேன் அண்ணை.

டீச்சர், உங்கள் பாமினி வினாத்தாள்கள் எத்தனை இருக்கும்? கம்பஸில் இருந்து நிலாவெளி கிட்டத்தான். யுனிகோடுக்கு மாற்றித் தருகிறேன்.

நிலாவெளி டீச்சர்:
210 மட்டில் இருக்கும் தம்பி. மூலக் கோப்பை அழிக்காமல் கொப்பியில்தான் வேலை செய்ய வேண்டும். சனிக்கிழமை பின்னேரம் வாருங்கள், இன்றிரவே எஃப்2 தட்டத் தொடங்குகிறேன்.