மே மாதம் 3 நாள் கடற்கரை: பாளையிலிருந்து எங்கே போகலாம்? திருச்செந்தூரா, மணப்பாடா, கன்னியாகுமரியா?

பாளைவாசி:

எல்லோருக்கும் வணக்கம். வீடு பாளையங்கோட்டையில். பரீட்சை முடிந்ததிலிருந்து பிள்ளைகளுக்குக் கடல் தவிர வேறு பேச்சே இல்லை. மகனுக்கு 9 வயது, மகளுக்கு 4. கூட என் அம்மாவும் வருகிறார்கள். 68 வயது, முழங்கால் வலி, சேர்ந்தாற்போல் நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களை வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் மட்டும் போகும் பேச்சுக்கே இடமில்லை, அப்பா தவறிய பிறகு அம்மா தெருவைத் தாண்டி எங்கும் போகவில்லை, இந்தப் பயணமே பாதி அவர்களுக்காகத்தான்.

மனைவிக்கு மே இரண்டாம் வாரம்தான் லீவு. மூன்று நாள், இரண்டு ராத்திரி. ராமேஸ்வரம், வர்க்கலை எல்லாம் யோசித்துப் பார்த்து விட்டுவிட்டோம், இரண்டு மணி நேரத்துக்கு மேல் அம்மாவால் காலைத் தொங்கப்போட்டு உட்கார முடியாது. அதனால் திருச்செந்தூர், மணப்பாடு, உவரி, கன்னியாகுமரி, தூத்துக்குடி என்ற இந்த வட்டத்துக்குள்தான் பார்க்கிறோம்.

பிள்ளைகள் பயமில்லாமல் கால் நனைக்க, முடிந்தால் குளிக்க எந்தக் கரை நல்லது? கத்திரி வெயிலில் பகல் பொழுதை எப்படிக் கழிப்பது? ஒரே ஊரில் தங்கலாமா, தினம் ஒரு ஊராகப் போகலாமா? கார் இருக்கிறது. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும், யூடியூப் பார்த்து ஒன்றும் பிடிபடவில்லை, எல்லாக் கரையும் அழகாகத்தான் தெரிகிறது.

உடன்குடிக்காரி:

தம்பி, தினம் ஒரு ஊர் என்பதை முதலில் விட்டுவிடுங்கள். நாலு வயதுப் பிள்ளையையும் முட்டி வலிக்காரரையும் வைத்துக்கொண்டு தினம் பெட்டி கட்டி, ரூம் காலி செய்து, அடுத்த ஊரில் ரூம் தேடினால் மூன்று நாளும் காருக்குள்ளேயே போய்விடும். திருச்செந்தூரில் தங்குங்கள். உங்கள் வீட்டிலிருந்து ஐம்பத்தைந்து, அறுபது கிலோமீட்டருக்குள்தான், ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரு டீக்கு நிறுத்தினாலும் அம்மாவுக்குச் சிரமம் இருக்காது. கோயில் பக்கத்தில் தமிழ்நாடு ஹோட்டல் இருக்கிறது, தனியார் லாட்ஜுகளும் நிறைய. எதுவானாலும் தரைத்தளத்தில் அறை வேண்டும் என்று போனிலேயே சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள், லிஃப்ட் இருக்கிறது என்று சொன்னால் மட்டும் நம்பிப் போகாதீர்கள், வாசலில் எத்தனை படி என்றும் கேளுங்கள்.

எங்கள் பக்கம் கரை கிழக்கே பார்த்தது. இது மே மாதத்தில் பெரிய வசதி. காலையில் ஆறு மணியை ஒட்டிச் சூரியன் கடலிலிருந்து எழும்பும், அதற்கு முன்பே கரைக்குப் போய்விட வேண்டும், எட்டு எட்டரை வரை பிள்ளைகள் ஆடட்டும். சாயங்காலம் நாலரைக்கு மேல் சூரியன் முதுகுப் பக்கம் ஊருக்குள் இறங்கிவிடும், கடல் காற்று முகத்தில் அடிக்கும், மணல் சூடும் தணிந்திருக்கும். இந்த இரண்டு வேளைதான் கடல். நடுவில் உள்ள நேரத்தில் கரைப் பக்கம் போகவே வேண்டாம், அந்த மணலில் பெரியவர்களாலேயே வெறுங்காலில் நிற்க முடியாது.

கோயில் கரையில் கூட்டம் அதிகம், குளிக்க வருகிறவர்கள் நெருக்கியடிப்பார்கள், கடலரிப்பால் சில இடங்களில் கல் வெளியே தெரிகிறது, சில நாள் சொறி மீனும் (ஜெல்லி மீன்) ஒதுங்கும். அதனால் அங்கே கால் நனைத்துச் சாமி கும்பிடுவதோடு நிறுத்திக்கொண்டு, ஆட்டத்துக்கு மணப்பாடு போங்கள். பதினெட்டு கிலோமீட்டர் போல இருக்கும். போகிற வழியில் குலசேகரன்பட்டினம், முத்தாரம்மன் கோயில். தசராவின்போது அங்கே மூச்சு விட இடம் இருக்காது, மே மாதத்தில் நிதானமாகக் கும்பிடலாம். மகனிடம் ராக்கெட் ஏவுதளம் அமையப் போவது இந்த ஊரில்தான் என்று சொல்லுங்கள், 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள்.

காலையில் பதநீர், நுங்கு இரண்டும் கிடைக்கும், இதுதான் சீசன். ரோட்டோரத்தில் வண்டியை நிறுத்தி அம்மாவுக்கு ஓலைப் பட்டையில் பதநீர் வாங்கிக் கொடுங்கள், எத்தனை வருஷம் ஆயிற்றோ அவர்கள் குடித்து.

குமரிக்கடல்:

நாகர்கோவிலிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊருக்கு வாருங்கள் என்றுதான் சொல்ல ஆசை, ஆனால் பிள்ளைகள் கடலில் இறங்குவதுதான் முக்கியம் என்றால் மே மாதத்தில் குமரி மாவட்டக் கரைகளை, அதிலும் முட்டம், சங்குத்துறை, சொத்தவிளை, கணபதிபுரம் போன்ற மேற்குப் பக்கத்தைத் தவிர்த்துவிடுங்கள். பார்க்கப் போகலாம், இறங்கக் கூடாது. ஏப்ரல், மே மாதங்களில் இங்கே கள்ளக்கடல் வரும். நம் பக்கத்தில் காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் அடித்த புயல் காற்றால் கிளம்பிய அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்து திடீரென்று கரையில் ஏறும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கல்யாணத்துக்கு வந்த பிள்ளைகள். இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால் மனது கனக்கிறது.

கிழக்குக் கரையில் இதன் வேகம் குறைவு, அதற்காக இல்லவே இல்லை என்று நினைக்க வேண்டாம், தூத்துக்குடி மாவட்டத்துக்கும் எச்சரிக்கை வருவதுண்டு. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் (INCOIS) என்ற கடல் தகவல் நிறுவனம் முன்கூட்டியே அறிவிக்கும், செய்திகளிலும் வரும். கிளம்புவதற்கு முந்தின நாளும், அங்கே இருக்கிற ஒவ்வொரு நாள் காலையிலும் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் அன்றைக்குக் கடல் வேண்டாம். பிள்ளை அழும், அழட்டும், ஐஸ்க்ரீம் வாங்கிக் கொடுத்துச் சமாளியுங்கள்.

கன்னியாகுமரிக்கு ஒரு நாள் வந்துபோவதாக இருந்தால் படகு காலை 8 மணிக்குத் தொடங்கும், அதற்கு முன்பே வரிசையில் நிற்பது நல்லது. விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவில் 77 மீட்டர் நீளத்துக்குக் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் கடைசியில் திறந்தார்கள், மகனுக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் கடல் நீர்மட்டம் தாழ்ந்தாலோ சீற்றம் இருந்தாலோ படகை நிறுத்திவிடுவார்கள், அம்மாவுக்குப் படகில் ஏறி இறங்குவதும் கஷ்டம்தான். சூரியன் கடலில் மறைவதைப் பார்க்கலாம் என்று மட்டும் வராதீர்கள். மே மாதத்தில் சூரியன் வடக்கே தள்ளிப் போயிருக்கும், முக்கடல் கரையிலிருந்து பார்த்தால் நிலத்துக்குப் பின்னால்தான் மறையும். அதற்கு நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் வர வேண்டும்.

நாசரேத் டீச்சர்:

கார் இருந்தாலும் ஒரு யோசனை. பிள்ளைகளையும் உங்கள் மனைவியையும் போகும்போது மட்டும் ரயிலில் அனுப்புங்கள், நீங்கள் அம்மாவோடும் பெட்டிகளோடும் காரில் போய் ஸ்டேஷனில் கூட்டிக்கொள்ளுங்கள். பாளையங்கோட்டையிலேயே ஏறலாம். செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், எங்கள் நாசரேத், குரும்பூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் என்று ஊர் ஊராக நின்று போகும், வயலும் வாழையும் பனையும் மாறி மாறி வரும். டிக்கெட்டும் மிகக் குறைவு. என் மாணவர்களில் காரிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த ஊர்களின் பெயர்கூடத் தெரியவில்லை, அதுதான் சொல்கிறேன்.

நீங்கள் காரில் வரும் பாதையிலேயே ஆதிச்சநல்லூர் இருக்கிறது. பகல் பொழுதுக்கு என்ன என்று கேட்டிருந்தீர்கள், திரும்பி வரும் நாளில் காலையிலேயே கிளம்பினால் மகனை அங்கே கூட்டிப்போகலாம். அகழாய்வில் தோண்டிய குழியை மூடாமல் மேலே கண்ணாடித் தளம் போட்டு, முதுமக்கள் தாழிகள் இருந்த இடத்திலேயே இருக்க, நாம் மேலே நின்று பார்க்கும்படி 2023இல் அமைத்தார்கள். ஒன்பது வயதுக்கு அது கதை கேட்கிற இடம். வெளியே நிழல் குறைவு, பதினோரு மணிக்கு முன் முடித்துவிடுங்கள்.

வெயில் பற்றி ஒரு வார்த்தை. சின்னவளுக்கு முழுக்கைப் பருத்திச் சட்டை, தொப்பி, செருப்பு. தண்ணீர் கேட்டால் கொடுக்கலாம் என்று இருக்காதீர்கள், ஆட்டத்தில் இருக்கிற பிள்ளை கேட்காது, நீங்களே அரை மணிக்கு ஒருமுறை கூப்பிட்டுக் கொடுங்கள். உப்புப் போட்ட மோர் ஒரு பாட்டில், ஓஆர்எஸ் பாக்கெட் நாலைந்து கையில் இருக்கட்டும். ஆச்சிக்கு பிரஷர், சுகர் மாத்திரை உண்டென்றால் கைப்பையில் வையுங்கள், வெயிலில் நிற்கும் கார் டேஷ்போர்டில் வைக்கவே கூடாது.

பாளைவாசி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. அக்கா சொன்ன மாதிரி திருச்செந்தூரிலேயே தங்குவதாக முடிவு செய்துவிட்டோம். ரயில் யோசனை கேட்டதும் மகன் குதிக்கிறான். கள்ளக்கடல் பற்றிப் படித்ததும் மனைவிக்குப் பயம் வந்துவிட்டது, அதனால் மணப்பாடு பற்றி இன்னும் கொஞ்சம் தெளிவாகத் தெரிய வேண்டும். கரையில் எந்தப் பக்கம் இறங்குவது? அம்மா எங்கே உட்காரலாம்? மீன் சாப்பாடு நன்றாக இருக்குமா?

மணப்பாட்டு மணல்:

அண்ணாச்சி, சொந்த ஊர் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மணப்பாட்டில் கடலுக்குள் நீட்டிக்கொண்டு ஒரு மணல் குன்று, அதன் மேல் திருச்சிலுவைக் கோயில், 1581இல் எழுந்தது. தெற்கேயிருந்து வரும் அலையைக் குன்று தாங்கிக்கொள்வதால் அதற்கு வடக்கே வளைந்து போகிற கரையில் வேகம் குறைந்திருக்கும். வள்ளங்கள் நிற்பதும் அந்தப் பக்கம்தான். குன்றின் முனையிலும் தெற்குப் பக்கத்திலும் இறங்கவே வேண்டாம், பாறையும் இழுப்பும் உண்டு, அலைச்சறுக்கு விளையாடுகிறவர்கள் வந்து போகிற அளவுக்கு அங்கே அலை எழும்பும். ஆற்று முகத்துவாரத்தில் தேங்கி நிற்கிற தண்ணீர் குளம் மாதிரி அசையாமல் இருக்கும், அதைப் பார்த்து ஆழமில்லை என்று நினைத்துப் பிள்ளைகளை விடாதீர்கள், மண் திட்டு எங்கே முடிகிறது என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது.

எங்கே இறங்கினாலும் முதலில் பத்து நிமிஷம் கரையில் நின்று தண்ணீரைப் பாருங்கள். இரண்டு பக்கமும் அலை உடைந்து வெள்ளையாக வரும்போது நடுவில் ஒரு இடம் மட்டும் அலையே இல்லாமல், கலங்கலாக, நுரை உள்ளே போகிற மாதிரி தெரிந்தால் அங்கேதான் இழுப்பு இருக்கிறது. தெரியாதவர்கள் அமைதியாக இருக்கிறதே என்று சரியாக அங்கேதான் இறங்குவார்கள். யாரையாவது இழுத்துவிட்டால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தக் கூடாது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் போய், இழுப்பு விட்ட பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும். மகனுக்கு முழங்கால் அளவு தண்ணீர் போதும், மகளுக்குக் கணுக்கால். அப்பா, அம்மா இருவரில் ஒருவர் எப்போதும் பிள்ளைகளுக்கும் கடலுக்கும் நடுவில், கடலைப் பார்த்து நில்லுங்கள், அந்த ஆளின் கையில் போன் இருக்கக் கூடாது. வள்ளம் இழுக்கிற அண்ணன்மார் யாரையாவது கேளுங்கள், இன்றைக்குக் கடல் எப்படி என்று. இறங்காதே என்று அவர்கள் சொன்னால் மறுபேச்சு வேண்டாம். கடலோரக் காவல் உதவிக்கு 1093, ஆம்புலன்ஸுக்கு 108.

ஆச்சியைக் குன்றின் மேல் கூட்டிப்போவது காரில் எவ்வளவு தூரம் ஏற முடிகிறதோ அதைப் பொறுத்தது. சவேரியார் 1542இல் வந்து தங்கிய குகைக்குப் படி இறங்க வேண்டும், அது அவர்களுக்குச் சரிப்படாது, பிள்ளைகளை மட்டும் கூட்டிப் போங்கள், கடலை ஒட்டிய குகைக்குள் நல்ல தண்ணீர்க் கிணறு இருப்பதைப் பார்த்தால் ஆச்சரியப்படுவார்கள். ஆச்சிக்கு வீட்டிலிருந்தே ஒரு மடக்கு நாற்காலியும் பெரிய குடையும் கொண்டு வாருங்கள். மணலில் நாற்காலிக் கால் புதையும், அடியில் ஒரு பலகைத் துண்டு போட்டால் அசையாமல் உட்காரலாம்.

மீனைப் பொறுத்தவரை ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் போகாது. மீன் முட்டையிடுகிற காலம் என்பதால் 61 நாள் கடலுக்கு ஓய்வு. நாட்டுப்படகும் வள்ளமும் மட்டும் பிடித்து வரும் மீன்தான் புதுசு, அது கொஞ்சமாகத்தான் வரும், விலையும் ஏறியிருக்கும். ஹோட்டலில் பெரிய சீலாத் துண்டு கேட்டால் ஐஸில் கிடந்ததாக இருக்கலாம். அன்றைக்கு வள்ளத்தில் என்ன வந்தது என்று கேட்டு, சாளையோ ஊழியோ பாறையோ, அதைச் சாப்பிடுங்கள். ருசியில் ஒரு குறையும் இருக்காது.

பாளைவாசி:

இவ்வளவு விவரமாக யார் சொல்வார்கள்! அம்மாவிடம் முழுவதையும் வாசித்துக் காட்டினேன், குலசை முத்தாரம்மனைக் கும்பிட வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டார்கள். முதல் நாள் மத்தியானத்துக்கு மேல் போய்ச் சேர்ந்து சாயங்காலம் கோயில், மறுநாள் விடிவதற்கு முன் மணப்பாடு, ஒன்பதுக்குள் குலசை, பகல் முழுக்க அறையில் தூக்கம், சாயங்காலம் திரும்பவும் கரை. மூன்றாம் நாள் ஆதிச்சநல்லூர் வழியாக வீடு. கன்னியாகுமரியைக் கார்த்திகை, மார்கழிக்கு வைத்துக்கொள்கிறோம்.

உடன்குடிக்காரி:

நல்ல திட்டம் தம்பி. இரண்டு விஷயம் மட்டும். சனி, ஞாயிறு, முகூர்த்த நாள், சஷ்டி, விசாகம் இவற்றில் ஏதாவது வருகிறதா என்று காலண்டரைப் பார்த்துவிட்டு அறையைப் போடுங்கள், திங்கள் முதல் புதன் வரை என்றால் வாடகையும் குறையும், தரிசன வரிசையும் குறையும். அப்புறம் கருப்பட்டி வாங்காமல் போகாதீர்கள், உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. சீனி கலந்ததும் நிறைய விற்கிறது. உடைத்துப் பார்த்தால் உள்ளே பளபளவென்று கற்கண்டு மாதிரி மின்னுவதை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், உள்ளே மங்கலாக, கறுப்பும் பழுப்புமாக இருப்பதை வாங்குங்கள், சந்தேகமாக இருந்தால் குலசைக்குப் போகும் முன் எனக்கு இங்கேயே ஒரு வரி எழுதுங்கள், காய்ச்சுகிறவர்கள் வீட்டுக்கே வழி சொல்கிறேன்.