சாசனத்தின் கடைசியில் வரும் சாட்சிகள்: ‘பட்டியலா’, ‘வரிசையா’?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

இடைக்கால ஜெர்மானியச் சாசனங்களின் இறுதியில் சாட்சிகளின் பெயர்கள் வரும் பகுதிக்கு ‘கையொப்பமிட்டோர் பட்டியல்’ என்று முன்மொழிந்திருக்கிறீர்கள். 13ஆம் நூற்றாண்டுச் சாசனத்துக்கு அது பொருந்தாது. அங்கே சாட்சிகள் பொதுவாகக் கையெழுத்துப் போடுவதில்லை. ‘இதற்குச் சாட்சிகள் இன்னின்னார்’ என்று எழுத்தரே எழுதிவிடுவார். உறுதி தருவது முத்திரை. நம் கல்வெட்டுகளில் ‘இவை என் எழுத்து’ என்று அவரவர் சொல்வதாக வருமே, அந்தப் பழக்கம் இங்கே நுழைந்துவிட்டது போலும்.

சாட்சிகளை ‘உடனிருந்தோர்’ என்பதும் சிக்கல். நிலத்தைக் கொடுத்தது ஒரு நாள், அதை எழுதி முத்திரையிட்டது வேறொரு நாளாக இருக்கலாம். சாட்சி எந்த நாளில் உடனிருந்தார்? அதை வைத்துத்தான் ஒருவர் எப்போது எங்கே இருந்தார் என்று கணக்கிடுகிறார்கள். சொல்லே முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடக் கூடாது.

என் பரிந்துரை ‘சாட்சிவரிசை’. ஜெர்மன் சொல்லும் ‘ட்சொய்கன்ரையெ’, அதாவது சாட்சிகளின் வரிசை என்றே இருக்கிறது. ஆனால் அதற்காகச் சொல்லவில்லை, காரணம் வேறு. ஐக்கெ ஃபொன் ரெப்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். சாக்சன் மக்களின் வழக்காற்றுச் சட்டத்தை நூலாக்கியவர். அவருக்குப் பிறப்புப் பதிவும் இல்லை, இறப்புப் பதிவும் இல்லை. கத்தோலிக்கப் பங்குகளில், அதாவது ஊர்க்கோயில் எல்லைகளில், திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளை அத்திருச்சபை ஆயர்களின் திரெந்து பொதுச்சங்கம் கட்டாயமாக்கியதே 1563இல்தான். ஐக்கெயின் தடம் 1209 முதல் 1233 வரையிலான ஆறு சாசனங்களில் கிடைக்கிறது. அதனால்தான் ‘1233க்குப் பின் இறந்தார்’ என்று எழுதுகிறார்கள்.

அந்தச் சாசனங்களில் சாட்சிகளின் பெயர்கள் கண்டபடி வருவதில்லை. முதலில் குருமார், அப்புறம் பிரபுக்கள், கடைசியில் பணிவீரர்கள், அதாவது ஒரு தலைவருக்குப் பணிசெய்யக் கடமைப்பட்ட, முழுச் சுதந்திரம் இல்லாத வீரர்கள். ஐக்கெ ஓரிடத்தில் சுதந்திரப் பிரபுக்களோடு நிற்கிறார், இன்னோரிடத்தில் பணிவீரர்களோடு. அவர் தகுதி என்ன என்ற விவாதம் முழுக்க இந்த இடமாற்றத்தில்தான் தொங்குகிறது. மேன்மக்களை ‘கேடயம்’ என்ற பெயரில் ஏழு தகுதிப் படிகளாக அடுக்கிக் காட்டிய சட்டநூல்காரர், தான் நின்ற படியை நமக்குத் தெளிவாக விட்டுப்போகவில்லை!

‘பட்டியல்’ என்றால் இந்த ஏற்றத்தாழ்வு தொலைந்துபோகும். ‘வரிசை’யில் அது உள்ளேயே இருக்கிறது. குறளில் வேந்தன் ‘வரிசையா நோக்கின்’ என்று வருவது தகுதிக்கேற்ற மரியாதைதானே.

‘சாட்சி’ வடசொல் என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘சான்றோர் வரிசை’ என்றால் பேரறிஞர் மாநாடு போல் ஒலிக்கிறது. ‘கரி’ நல்ல பழஞ்சொல். ஆனால் ‘கரிவரிசை’ என்று போட்டால் யானைகள் அணிவகுக்கும், இல்லாவிட்டால் அடுப்புக்கரி. கணினித்துறையில் ‘வரிசை’ வேறு பொருளில் வழங்குவது உண்மைதான். துறை வேறு, குழப்பம் வராது. மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் சொற்பட்டியலில் ‘சாட்சிவரிசை’ என்று ஒரே சொல்லாக ஏற்றிவிடலாம்.