ஆர்எக்ஸ் 100 சைலன்சரில் கரி: கோஸ்டிக் சோடாவா, நெருப்பா?

கோப்பாய் ஆர்எக்ஸ்:

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவின் யமஹா ஆர்எக்ஸ் 100 மோட்டார் சைக்கிள் ஒன்று வீட்டில் இருக்கிறது. ஏழு வருடம் கொட்டிலுக்குள் கிடந்ததைப் போன வருடம் வெளியே எடுத்துத் திருத்தி இப்போது நான் ஓடுகிறேன். பெரும்பாலும் இங்கே யாழ்ப்பாணத்தில் கோப்பாயிலிருந்து திருநெல்வேலிக்கு வேலைக்குப் போய் வருவதுதான், ஒரு நாளைக்குப் பத்துக் கிலோமீற்றர் வரும், அதுவும் ஆறுதலாக. போன மாதம் பருத்தித்துறைக்கு ஒரு அலுவலாகப் போனபோதுதான் பிரச்சினை வடிவாக விளங்கியது. வல்லை வெளியில் எதிர்க்காற்றில் 50க்கு மேல் போகவே இல்லை. முதல் உதையிலேயே ஸ்டார்ட் வருகிறது, கீழ் கியர்களில் இழுவையும் பரவாயில்லை, ஆனால் முழுக்க முறுக்கினால் தொண்டை அடைத்தவர் கத்துகிற மாதிரி ஒரு சத்தம், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. சைலன்சர் வாலிலிருந்து கறுப்பு ஒயில் சொட்டுச் சொட்டாக விழுந்து விறாந்தையெல்லாம் கறை.

ஒரு கராஜில் காட்டினேன், கழற்றிப் பார்க்காமலே போர் அடித்து (சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்கி) பிஸ்டன் மாற்ற வேண்டும் என்றார்கள். இன்னொருவர் சைலன்சரை நெருப்பில் போட்டு எடுத்தால் சரி என்கிறார், கூட வேலை செய்பவர் கோஸ்டிக் சோடா ஊற்று என்கிறார். அது ஒரிஜினல் சைலன்சர், குரோம் இன்னும் மின்னுகிறது. அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான், பழுதாக்க மனம் வரவில்லை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

சுன்னாகம் பழைய கராஜ்:

தம்பி, போர் அடிக்கக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் அடைப்பு எங்கே என்று பாருங்கள். எஞ்சினைச் சூடாக்கி, சைலன்சர் வாலுக்கு ஒரு சாண் தள்ளி உள்ளங்கையைப் பிடியுங்கள். காற்று விட்டு விட்டு அடிக்க வேண்டும், பெருமூச்சு மாதிரி மெதுவாக வந்தால் அடைப்புத்தான். இன்னும் நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் முன்பக்க இரண்டு நட்டையும் தளர்த்தி, குழாயைச் சிலிண்டரிலிருந்து ஒரு விரல் இடைவெளிக்கு இழுத்து வைத்துக்கொண்டு ஒரு தரம் ஸ்டார்ட் செய்து முறுக்கிப் பாருங்கள். காது அடைக்கும் சத்தம் வரும், ஆனால் எஞ்சின் தடையில்லாமல் ஏறினால் பிஸ்டனில் பிழை இல்லை. பத்து விநாடி காணும். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் கலவையில் பெற்றோல் குறைந்து பிஸ்டன் சூடேறிவிடும்.

இனி வேலைக்கு வருவோம். சைலன்சரின் பின்முனையில் ஒரு சிறிய போல்ட் இருக்கிறது, அதைக் கழற்றினால் உள்ளே இருக்கும் பஃபிள் குழாய் (சத்தத்தை அடக்கும் துளையிட்ட குழாய்) தனியாக வெளியே வரும். கரி பிடித்திருந்தால் இலேசில் வராது. மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு இரவு விட்டு, அடுத்த நாள் கிரிப் பிளையரால் பிடித்து இடமும் வலமும் திருப்பித் திருப்பி இழுங்கள், நேரே இழுத்தால் வாய் பிய்ந்துவிடும். என் அனுபவத்தில் பத்து வண்டியில் எட்டுக்கு அடைப்பு இந்தப் பஃபிளில்தான். இது பெற்றோலோடு ஒயிலையும் சேர்த்து எரிக்கும் இரண்டு ஸ்ட்ரோக் வண்டி. எஞ்சினுக்குக் கிட்ட குழாய் கடும் சூடு, ஒயில் அங்கே காய்ந்து இறுகும். பின்னுக்கு வர வரச் சூடு குறைவதால் எரியாத ஒயில் அங்கே படிந்து தார் மாதிரி ஒட்டி, பஃபிளின் சிறு துளைகளை ஒவ்வொன்றாக மூடிவிடும். உங்களைப் போல் ஒரு தடவைக்கு ஐந்து கிலோமீற்றர் மட்டும் மெதுவாக ஓடினால் குழாய் முழுச் சூட்டுக்கு வரவே வராது, ஆகவே கெதியாகப் படியும்.

முன் வளைவுக்குப் பழைய கிளச் கேபிளின் உள்கம்பியை எடுங்கள். ஒரு முனையை இரண்டு அங்குலத்துக்கு இழை இழையாகப் பிரித்துவிட்டு மறுமுனையை ட்ரில்லில் பூட்டி, குழாய்க்குள் விட்டுச் சுற்றுங்கள். வளைவுக்கு ஏற்ப வளைந்து போய்ச் சுரண்டும். கண்ணாடி போடாமல் இதைச் செய்ய வேண்டாம், இழை முறிந்து பறக்கும்.

சிலிண்டரின் எக்ஸோஸ்ட் போர்ட்டையும் (புகை வெளியேறும் வாய்) மறக்க வேண்டாம். கிக்கரைக் கையால் அமுக்கி பிஸ்டனை மேலே கொண்டுவந்து போர்ட்டை மூடிய நிலையில் வைத்துவிட்டுத்தான் சுரண்ட வேண்டும், இல்லாவிட்டால் கரித்துண்டு உள்ளே விழுந்து பிஸ்டன் ரிங்கைக் கீறும். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். நான் பனஞ்சிலாகை (பனைமரச் சட்டம்) துண்டை உளி மாதிரிச் சீவி வைத்திருப்பேன், அந்த வைரம் பாய்ந்த மரம் கரியைக் கிளப்பும், அலுமினியப் பிஸ்டனைக் கீறாது. முடிந்ததும் காற்று அடித்து ஊதுங்கள். பூட்டும்போது குழாய்க்கும் சிலிண்டருக்கும் இடையில் புது செப்பு வளையம் போடுங்கள்.

90களில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வராத காலத்தில் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் எடுத்து மண்ணெண்ணெயில்தான் மோட்டார் சைக்கிள்கள் ஓடின. அப்போது மாதம் ஒருமுறை சிலிண்டர் ஹெட்டையும் சைலன்சரையும் கழற்றிக் கரி சுரண்டுவோம், வேலையில்லாத பொடியன்கள் எல்லாரும் அதில்தான் தொழில் பழகினார்கள். மண்ணெண்ணெயில் ஓடிய அந்த வண்டிகளையே கரி சுரண்டி ஓட்டினோம். பெற்றோலில் ஓடுகிற உங்கள் வண்டிக்கு ஏன் இவ்வளவு கரி? அதைக் கண்டுபிடிக்காமல் சுத்தம் செய்தால் ஆறு மாதத்தில் திரும்பவும் இதே வேலைதான்.

சோதனைக்குழாய் ரீச்சர்:

நான் இரசாயனம் படிப்பிக்கிறேன், என் கணவரின் பழைய இரண்டு ஸ்ட்ரோக் ஓட்டோவுக்கு இதைச் செய்தும் இருக்கிறோம், அதனால் கோஸ்டிக் சோடா பற்றி மட்டும் சொல்கிறேன். அது சோடியம் ஐதரொட்சைட்டு. அது கரியைக் கரைப்பதில்லை. கரியைப் பிடித்து வைத்திருக்கும் எண்ணெய்ப் பசையின் பிடியைத் தளர்த்துகிறது, பிறகு கரி செதில் செதிலாகக் கழன்று வரும். காய்ந்து கல்லாகிவிட்ட கரிக்கு ட்ரில்லும் கேபிளும்தான்.

தண்ணீருக்குள் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது, கொதித்துத் தெறிக்கும். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 150 முதல் 200 கிராம் காணும். கலக்கும்போதே நன்றாகச் சூடாகும், ஆகவே மெல்லிய பிளாஸ்டிக் வாளி வேண்டாம். நாகம் (துத்தநாகம்) பூசிய தகர வாளியும் வேண்டாம், அலுமினியச் சட்டி வேண்டவே வேண்டாம், இரண்டையும் அரித்து ஐதரசன் வாயு வரும், பக்கத்தில் யாராவது பீடி பற்றவைத்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. சைலன்சரில் காந்தம் ஒட்டுகிறதா என்று எல்லா இடத்திலும் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, ஊற்றலாம். முன்முனையை மரக்கட்டையும் ரப்பரும் வைத்து இறுக்கி, வால்முனையை மேலே பார்க்க நிறுத்தி ஊற்றி, திறந்தபடியே ஒரு இரவு விடுங்கள். குரோம் தாங்கும், பெயின்ற் தாங்காது. வெளியே சிந்தினால் உடனே கழுவுங்கள்.

முழங்கை வரை ரப்பர் கையுறை, முழுக் கண்ணாடி. கண்ணில் பட்டால் குறைந்தது கால் மணித்தியாலம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேரே பெரியாஸ்பத்திரி. வலி குறைந்துவிட்டதே என்று வீட்டில் இருக்க வேண்டாம், காரம் வலி தெரியாமல் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து எல்லாரும் வாசியுங்கள். அந்தக் கறுப்புக் கழிவை வளவுக்குள் ஊற்ற வேண்டாம். நம் நிலத்துக்கு அடியில் இருப்பது வெடிப்பும் துளையுமான சுண்ணக்கல். வற்றாத ஆறும் இல்லை. மேலே ஊற்றுவது எதுவாக இருந்தாலும் நம் கிணற்றுக்கோ அயல் வீட்டுக் கிணற்றுக்கோதான் போகும். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்து சனம் பவுசர் (தாங்கி லொறி) தண்ணீருக்கு வரிசையில் நின்றதை நாம் பார்த்தோம். கழிவை ஒரு வாளியில் இரண்டு நாள் அடைய விட்டு, கறுப்பு மண்டியை மரத்தூளில் ஊறவைத்துத் தகரத்தில் மூடிக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். மேல் தண்ணீரில் வினாகிரியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, சிவப்புப் பாசிச்சாயத்தாள் (லிட்மஸ்) நீலமாகாத அளவுக்கு வந்த பிறகு, நிறையத் தண்ணீர் கலந்து கிணற்றிலிருந்து எட்டத்தில் ஊற்றுங்கள்.

குருநகர் தொழில்காரன்:

நான் படகில் 15 குதிரைவலு வெளியிணைப்பு இயந்திரம் வைத்துக் கடற்றொழில் செய்கிறேன், அதுவும் இரண்டு ஸ்ட்ரோக்தான். கோஸ்டிக் எல்லாம் தேவையில்லை தம்பி. பஃபிளை மட்டும் கழற்றி எடுத்து ஊமல் (பனங்கொட்டைக் கோது) நெருப்பில் வையுங்கள். ஊமல் கரி நின்று எரியும், சுவாலை அதிகம் வராது. கால் மணியில் பஃபிள் சிவந்து கரி சாம்பலாகிவிடும், ஆறவிட்டுத் தட்டினால் கொட்டும். முழுச் சைலன்சரையும் நெருப்பில் போடச் சொன்னவரின் சொல்லைக் கேட்காதீர்கள். குரோம் நீலம் பாய்ந்து உரியும், தகடு நெளியும். புகை வீட்டுப் பக்கம் போகாத இடமாகப் பாருங்கள்.

என்ன ஒயில் விடுகிறீர்கள்? அதுதான் முக்கியம். 2022இல் எங்கள் இயந்திரத்துக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340க்கு ஏறியபோது, ஒயிலிலாவது மிச்சம் பிடிப்போம் என்று நான் லேபல் இல்லாத போத்தல் ஒயில் கலந்தேன். மூன்று மாதத்தில் ரிங் இரண்டும் பள்ளத்துக்குள் கரியோடு ஒட்டிவிட்டது. நெடுந்தீவுக்கு அந்தப் பக்கம் இயந்திரம் நின்று, இன்னொரு படகு கட்டி இழுத்து வந்தது. அன்றிலிருந்து போத்தலில் ஜாசோ எஃப்சி அல்லது எஃப்டி (இரண்டு ஸ்ட்ரோக் ஒயிலின் தரக் குறி) என்று எழுதியிருந்தால்தான் மோட்டார் சைக்கிளுக்கு வாங்குவேன், எஃப்டி கரியைக் கூடுதலாகக் கழுவும். எங்கள் இயந்திரத்துக்கான டிசிடபிள்யூ3 ஒயிலை உங்கள் வண்டிக்கு விட வேண்டாம், அது தண்ணீரில் குளிரும் எஞ்சினுக்கானது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் ஒயிலை விட்டால் கரி பிடிக்காமல் என்ன செய்யும்?

கோப்பாய் ஆர்எக்ஸ்:

எல்லாருக்கும் நன்றி. ஒயில் எஃப்சிதான், ஒயில் பம்ப் கேபிளும் குறிக்குச் சரியாக நிற்கிறது. ஏர் ஃபில்டரும் போன மாதம் மாற்றியது. அப்படியென்றால் கரி எங்கேயிருந்து வருகிறது?

சுன்னாகம் பழைய கராஜ்:

கியர் ஒயிலை இறக்கி அளந்து பாருங்கள். ஏழு வருடம் சும்மா நின்ற வண்டியில் கிராங்க் சீலின் (எஞ்சின் அச்சைச் சுற்றி ஒயிலைத் தடுக்கும் வளையம்) ரப்பர் காய்ந்து இறுகியிருக்கும். வலது பக்கச் சீல் போனால் கிளச் பக்கத்து ஒயிலை எஞ்சின் உறிஞ்சி எரிக்கும். வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது, கியர் ஒயில் மட்டும் குறையும், புகை வெள்ளையாக, ஒரு மாதிரிப் பொசுங்கல் மணத்தோடு வரும்.

கோப்பாய் ஆர்எக்ஸ்:

அண்ணை, நீங்கள் சொன்னதேதான். ஐந்து மாதத்துக்கு முன் புதிதாக விட்ட கியர் ஒயிலில் பாதிகூட இல்லை.

சனி ஞாயிறு இரண்டு நாளும் இதே வேலை. பஃபிள் இரண்டாம் நாள்தான் அசைந்தது. துளைகளில் பாதிக்கு மேல் அடைப்பு, நடு ஓட்டையில் சுண்டுவிரல்கூட நுழையவில்லை. ஊமல் நெருப்பில் வைத்துத் தட்டியபோது ஒரு சிரட்டை நிறையக் கரி கொட்டியது. முன் வளைவுக்குக் கேபிளும் ட்ரில்லும் போதுமாக இருந்தது, கோஸ்டிக் வாங்கவே இல்லை. ரீச்சர், எங்கள் கிணறு சைலன்சர் கழுவிய இடத்திலிருந்து பதினைந்து அடிதான், நீங்கள் எழுதியதை வாசித்த பிறகு மண்ணெண்ணெய்க் கழிவைக்கூட ஒரு பழைய பெயின்ற் வாளியில் மூடி வைத்திருக்கிறேன். போர்ட் வழியாகப் பார்த்ததில் பிஸ்டனில் ஒரு கீறலும் இல்லை.

நேற்றுப் பின்னேரம் வல்லை வெளியில் 80 வரை போனது, இன்னும் முறுக்க இடம் இருந்தது, நான்தான் விட்டுவிட்டேன். அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பத்து வருடமாவது இருக்கும்.

அடுத்தது சீல். கிளச் கவரைக் கழற்ற வேண்டும் என்பதால் நானே தொடப் போவதில்லை. அண்ணை, வருகிற போயா (பௌர்ணமி) விடுமுறைக்கு நிற்பீர்கள் என்றால் வண்டியைச் சுன்னாகத்துக்குக் கொண்டு வரவா? சீலும் கவர் பேக்கிங்கும் நானே வாங்கி வருகிறேன்.

சுன்னாகம் பழைய கராஜ்:

காலையிலேயே வாருங்கள் தம்பி, வெயில் ஏற முன்னம். வெளிக்கிட முன்னம் கியர் ஒயில் அளவைப் பார்த்து நிரப்பிக்கொண்டு வாருங்கள், குறைந்த ஒயிலோடு ஓடி கியரைப் பழுதாக்க வேண்டாம்.