குடியிருப்போர் நலச்சங்கம் யாருடைய குரல்? தாம்பரம் புறநகரில் ஒரு துணைவிதித் திருத்தம் குறித்த விவாதம்

நெறியாளர்

தாம்பரத்துக்குக் கிழக்கே உள்ள ஒரு நகர்ப்பகுதியின் குடியிருப்போர் நலச்சங்கம், வரவிருக்கும் ஆண்டுப் பொதுக்குழுவில் துணைவிதித் திருத்தம் (சங்கம் தனக்கென வகுத்துக்கொண்ட விதியில் மாற்றம்) ஒன்றை எடுத்துக்கொள்கிறது. மனை அல்லது வீட்டின் உரிமையாளருக்கு மட்டுமே அங்கே இதுவரை வாக்கு உண்டு. வாடகைக்கு இருப்பவர்கள் சந்தா செலுத்தலாம், கூட்டத்தில் அமரலாம், ஆனால் வாக்களிக்க இயலாது. ஆறு மாதங்களுக்கு மேல் அங்கே குடியிருக்கும் பதினெட்டு வயது நிரம்பிய எவருக்கும் வாக்குரிமை தர வேண்டும் என்கிறது திருத்தம். சந்திப்பில் மாலை வேளையில் கடை போடும் காய்கறி வியாபாரிகளை அகற்றக் கோரி அந்தச் சங்கம் அண்மையில் "பகுதி மக்கள் அனைவரின் சார்பாக" மனு அளித்தது. அதிலிருந்துதான் இக்கோரிக்கை எழுந்தது. சங்கத்தின் பெயரையோ நிர்வாகிகளின் பெயரையோ குறிப்பிடாமல் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செம்பாக்கத்தான்

இந்தத் திருத்தத்தை நான் எதிர்க்கிறேன். எதிர்ப்பவர்களுக்கு மனமில்லை என்று முடிவு கட்டிவிடுவது எளிது என்பதால், என் காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

தமிழகத்து உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுக்கும் மேலான காலத்தில் எங்களுக்குக் கவுன்சிலர் என்று ஒருவர் கிடையாது. அரசு நியமித்த தனி அலுவலரின் ஆட்சிதான். தெருவிளக்கு எரியாவிட்டாலும், குடிநீர் விடும் நாள் தள்ளிப்போனாலும், வடிகாலைத் தூர்வார வேண்டியிருந்தாலும், மனு எழுதி, ஒப்புகை வாங்கி, பதில் வராதபோது மறுவாரம் மீண்டும் போய் நின்றவர்கள் சங்க நிர்வாகிகள்தாம். அவர்களுள் பெரும்பாலோர் ஓய்வூதியர்கள். போக்குவரத்துச் செலவு கூட அவர்கள் கைக்காசு. வாழ்நாள் சேமிப்பை ஒரு மனையில் முடக்கிவிட்டு, இனி இதுதான் நம் ஊர் என்று தங்கிவிட்டவர்களுக்குத்தான் அந்தப் பொறுமை வரும். சாலை பழுதானால் வாடகைக்கு இருப்பவர் பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் வேறு தெருவுக்குப் போகலாம், உரிமையாளர் போக முடியாது. பாதாளச் சாக்கடை இணைப்புக்கு வைப்புத்தொகை கட்டுகிறவரும், சொத்துவரி உயர்ந்தால் சுமக்கிறவரும் அவர்தான். சுமப்பவரிடமே முடிவும் இருப்பதில் என்ன அநீதி?

மாடம்பாக்கம் மங்கை

ஐயா, அந்த ஐந்தாண்டுகளில் உங்களைப் போன்றவர்கள் அலைந்ததை நாங்கள் யாரும் மறுக்கவில்லை. எங்கள் தெருவில் விளக்கு எரிந்தது அதனால்தான். ஆனால் உழைத்தவர்களுக்கு நன்றி சொல்வது வேறு. அவர்களுக்கு மட்டுமே வாக்கு என்று வைப்பது வேறு. அப்படிப் பார்த்தாலும் இப்போதைய விதி உழைத்தவருக்கு வாக்குத் தரவில்லை, பத்திரம் வைத்திருப்பவருக்குத் தருகிறது. எங்கள் தெருவில் மனை வாங்கிப் போட்டுவிட்டு வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வாக்கு உண்டு. அவர்களுடைய வீட்டில் வாடகைக்கு இருந்து, கோடையில் தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்து, மழையில் முழங்கால் தண்ணீரில் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிச்செல்லும் எனக்கு இல்லை.

உரிமையாளர் சுமக்கிறார் என்கிறீர்கள். சொத்துவரி கூடினால் அடுத்த ஒப்பந்தத்தில் வாடகை கூடுகிறது. கழிவுநீர் லாரிக்குப் பல வீடுகளில் நாங்கள்தான் பணம் கொடுக்கிறோம். வாடகைதாரர்கள் நிலையற்றவர்கள் என்ற எண்ணமும் இந்தப் பகுதிக்குப் பொருந்தாது. வீடு மாறுகிறோம், ஊர் மாறுவதில்லை. பிள்ளைகளின் பள்ளி, கணவரின் மின்சார ரயில், என் வேலை என்று எல்லாம் இங்கேயே இருப்பதால், இரண்டு தெரு தள்ளித்தான் அடுத்த வீடு பார்க்கிறோம். மாநகராட்சித் தேர்தலில் வாக்குச்சாவடியில் என்னிடம் யாரும் பட்டா கேட்கவில்லை. கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கத் தகுதியுள்ள நான், கவுன்சிலரிடம் மனுக் கொடுக்கும் சங்கத்தின் செயலாளரைத் தேர்ந்தெடுக்கத் தகுதியற்றவளா?

இன்னொன்றும் உண்டு. உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016இல் தமிழகம் சட்டம் இயற்றியது. இந்த வட்டாரத்தில் நான் அறிந்த சங்கங்களின் செயற்குழுப் பட்டியல்களை எடுத்துப் பாருங்கள். ஒரு பெண் பெயர் இருந்தாலே அதிகம். வீடு பெரும்பாலும் ஆண் பெயரில் இருக்கும்போது, வீட்டு உரிமையோடு வாக்கைக் கட்டினால் வேறென்ன நடக்கும்?

சட்டம் படித்தவன்

இருவரும் தொடாத ஓர் அடிப்படையைச் சொல்கிறேன். அடுக்ககச் சங்கத்தையும் மனைப்பிரிவுச் சங்கத்தையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். அடுக்ககத்தில் மின்தூக்கி, படிக்கட்டு, மொட்டை மாடி ஆகியவை உரிமையாளர்களின் பொதுச்சொத்து. நிலத்தில் ஒவ்வொருவருக்கும் பிரிபடாத பங்கு உண்டு. ஆகவே 1994ஆம் ஆண்டின் அடுக்கக உரிமைச் சட்டமும், அதற்குப் பதிலாக வந்த 2022ஆம் ஆண்டுச் சட்டமும் உரிமையாளரை மையமாக வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. தனி வீடுகள் உள்ள அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவில் நிலைமை வேறு. அங்கே சாலைகள் தானப் பத்திரத்தின் வழியே உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்பட்டவை. பெரிய மனைப்பிரிவுகளில் பூங்காவுக்கென ஒதுக்கும் திறந்தவெளி நிலமும் அப்படியே. உங்கள் தெரு உங்கள் சொத்தன்று, பொதுமக்களின் சொத்து. அப்படியிருக்க, அந்தத் தெருவைப் பற்றிப் பேச மனைப் பத்திரத்தைத் தகுதியாக்குவதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

இச்சங்கங்கள் பதிவாவது 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ். ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதியலாம். உறுப்பினர் யார் என்பதைத் துணைவிதிதான் வரையறுக்கிறது. உரிமையாளர்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றி மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்தால் விதியை மாற்றலாம். ஆனால் இதே சட்டத்தை மறுபக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். ஏழு பேர் சேர்ந்தாலே பதியக்கூடிய ஓர் அமைப்பு, எத்தனை நல்லவர்களைக் கொண்டிருந்தாலும், பதிவு எண்ணைக் காட்டி ஊரின் பிரதிநிதி என்று சொல்லிக்கொள்ள முடியாது. திருத்தம் நிறைவேறினாலும் அது தன் உறுப்பினர்களின் சங்கம்தான்.

செம்பாக்கத்தான்

சட்டம் படித்த நண்பர் சொன்ன சாலைக் கணக்கு சரியே. ஆனால் சங்கம் மனு எழுதுவதோடு நின்றுவிடுவதில்லை, பணமும் திரட்டுகிறது. அரசும் மக்களும் செலவைப் பகிர்ந்துகொள்ளும் "நமக்கு நாமே" திட்டத்தில் ஒரு பணியை எடுக்க வேண்டுமானால் மக்கள் தம் பங்கை முதலில் செலுத்த வேண்டும். கண்காணிப்புக் கேமராவுக்கும் பூங்கா வேலிக்கும் வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்தோம். அந்தப் பட்டியலில் வாடகை வீடுகளுக்கு எதிரே பெரும்பாலும் உரிமையாளரின் பெயர்தான் இருக்கிறது. வாடகைதாரரிடம் கேட்டால் "ஓனரிடம் கேளுங்கள்" என்பார். பணம் கேட்கும்போது உரிமையாளரைக் காட்டுவதும் வாக்குக் கேட்கும்போது தாம் முன்வருவதும் பொருந்துமா?

எனக்கு உண்மையான அச்சம் வேறு. ஒரே வீட்டில் பத்துப் பேர் தங்கும் விடுதிகள் எங்கள் பகுதியில் பெருகிவிட்டன. பொதுக்குழுவுக்கு முந்தைய மாதம் ஒரு கட்சிக்காரரோ மனை வணிகரோ நூறு பேருக்குச் சந்தா கட்டி உறுப்பினராக்கினால், சங்கம் ஒரே நாளில் அவர் கைக்குப் போய்விடும். இத்தனை ஆண்டுகளாக எந்தக் கொடியையும் உள்ளே விடாமல் காத்திருக்கிறோம். அதை இழக்க எனக்கு மனமில்லை.

சட்டம் படித்தவன்

அந்த அச்சம் நியாயமானது, அதற்கு வழியும் உண்டு. வாடகைதாரர் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு 2019இல் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிவாக வேண்டும் என்கிறது. அந்தப் பதிவு எண்ணையும் வாக்காளர் பட்டியலில் உள்ள முகவரியையும் சான்றாகக் கேட்கலாம். பொதுக்குழுவுக்குக் குறைந்தது ஆறு மாதம் முன்பே உறுப்பினராகியிருக்க வேண்டும் என்று விதித்தால் கடைசி நேரக் கூட்டம் சேர்க்க முடியாது.

முடிச்சூர் ஆசிரியை

வாக்கு யாருக்கு என்பதிலேயே எல்லோரும் நிற்பதால், எந்த எல்லைக்குள் என்ற கேள்வியை நான் எழுப்புகிறேன். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாற்றுப் பெருக்கால் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகள் முதல் தளம் வரை மூழ்கியபோது, எந்த வீடு சொந்த வீடு, எது வாடகை வீடு என்று வெள்ளம் பார்க்கவில்லை. அதன் பிறகுதான் பல நகர்ப்பகுதிச் சங்கங்கள் ஒன்று சேர்ந்து, ஆற்றை அகலப்படுத்துங்கள், மூடிய கால்வாயைத் திறந்துவிடுங்கள் என்று பேசத் தொடங்கின. தனித்தனியாக இருந்தவரை ஒவ்வொரு சங்கமும் தன் தெருவில் தேங்கும் நீரை அடுத்த தெருவுக்குத் தள்ளும் வடிகாலைத்தான் கேட்டது.

கிழக்குத் தாம்பரத்திலும் இதே கதைதான். சிட்லபாக்கம், இராஜகீழ்ப்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் செம்பாக்கம் ஏரிக்கு வருகிறது. அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்கிறது. ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்க, சங்கங்கள் தெருத்தெருவாகப் பிரிந்து கிடக்கின்றன. மேலேயுள்ள பகுதி கழிவுநீரை மழைநீர் வடிகாலில் விட்டால் கீழே உள்ள ஏரி சாகிறது. மேலே உள்ள சங்கத்தின் பொதுக்குழுவில் கீழே உள்ளவருக்கு வாக்கு இல்லை. செம்பாக்கத்தான் ஐயா, மேலேயுள்ள ஏரிகளின் நீர் வந்து சேரும் இடத்தில் இருப்பவர் நீங்கள். உங்களுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும்.

வாடகைதாரருக்கு வாக்குத் தருவதை நான் ஆதரிக்கிறேன். அதைவிட அவசரமானது நீர்வழி அடிப்படையில் ஒரு கூட்டமைப்பு. ஏரிக்கரைப் புறம்போக்கில் இருக்கும் குடும்பங்களின் பிரதிநிதியும் அதில் உட்கார வேண்டும். அவர்களை அகற்றச் சொல்லும் மனுவை எழுதும் அறையில் அவர்கள் ஒருநாளும் இருந்ததில்லை.

பம்மல் வாசகன்

இத்தனை சிக்கல் எதற்கு? நகர்ப்புறங்களுக்கு வார்டு குழு, பகுதி சபை விதிகள் 2022இல் வந்துவிட்டன. அந்த ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி உள்ளாட்சி தினத்தன்று எங்கள் பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். பகுதி சபைக்கு அந்தப் பகுதி வாக்காளர் எல்லோரும் வரலாம். சந்தா இல்லை, பத்திரம் இல்லை. அரசமைப்பின் 74ஆவது திருத்தம் 1992இல் சொன்ன வார்டு குழுவுக்கு இப்போதுதான் இங்கே உருவம் கிடைத்திருக்கிறது. மக்கள் குரலுக்குச் சட்டப்படியான இடம் அதுவாக இருக்க, சங்கத்தின் விதியைப் பிடித்துக்கொண்டு ஏன் போராட வேண்டும்?

செம்பாக்கத்தான்

பகுதி சபை வேண்டும், நானும் போகிறேன். ஆனால் வார்டு குழுவின் தலைவர் கவுன்சிலர். பகுதியின் சார்பில் அதில் அமர்பவரை மன்றம் நியமிக்கிறது, மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. கவுன்சிலரின் பணியில் குறை சொல்ல வேண்டிய நாளில் அந்த மேடை எப்படி உதவும்? ஆளுங்கட்சி எதுவானாலும் அதைக் கேள்வி கேட்கத் தனித்து நிற்கும் ஓர் அமைப்பு வேண்டும்.

மாடம்பாக்கம் மங்கை

இதில் ஐயா சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். சங்கம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை, என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

இந்த விவாதத்துக்குக் காரணமான அந்த மனுவுக்கே வருகிறேன். சந்திப்பில் கடை போடும் அக்காக்களிடம் கீரை வாங்குபவர்கள் நாங்கள். வேலை முடிந்து ரயில் இறங்கி வரும் பெண்ணுக்கு அந்த நேரத்தில் அந்த விலையில் வேறு கடை இல்லை. போக்குவரத்து நெரிசல் உண்மைதான். ஆனால் அதற்கு 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் ஒரு முறையை வகுத்திருக்கிறது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது நாற்பது விழுக்காட்டினர் வியாபாரிகளே தமக்குள் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். குடியிருப்போர் சங்கங்களுக்கும் அக்குழுவில் இடம் உண்டு. கணக்கெடுப்பு முடிந்து சான்று வழங்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. சங்கம் அந்தக் குழுவில் உட்கார்ந்து, எந்த ஓரத்தில், எத்தனை மணி வரை என்று பேசியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, வியாபாரிகளிடமும் கேட்காமல், அவர்களிடம் வாங்கும் எங்களிடமும் கேட்காமல், "அனைவரின் சார்பாக" என்று எழுதியதுதான் எனக்கு வலிக்கிறது.

முன்னாள் டெல்லிவாசி

டெல்லி அரசு 2000ஆம் ஆண்டில் தொடங்கிய "பாகிதாரி" திட்டம் குடியிருப்போர் சங்கங்களை ஆட்சியின் பங்காளிகளாக்கியது. பூங்காப் பராமரிப்பு, தண்ணீர், மின்சாரம் பற்றி அதிகாரிகளோடு நேரே பேச அவர்களுக்கு வாய்ப்புக் கிடைத்தது. பல பகுதிகளில் நல்ல பலனும் இருந்தது. ஆனால் அங்கீகரிக்கப்படாத குடியிருப்புகளிலும் குடிசைப் பகுதிகளிலும் இருந்தவர்களுக்கு அந்த மேசையில் இடமில்லை என்ற விமர்சனம் இறுதிவரை தீரவில்லை. சங்கத்துக்கு அரசு செவிசாய்க்கத் தொடங்கும் நாளில், வெளியே நிற்பவரின் இழப்பு இருமடங்காகிறது. இங்கே அப்படி ஆவதற்கு முன் விதியைத் திருத்துவது நல்லது.

செம்பாக்கத்தான்

என் நிலையைத் தெளிவாக்குகிறேன். ஆறு மாத முன்-உறுப்பினர் விதியும் பதிவு செய்த ஒப்பந்தச் சான்றும் இருந்தால், செயற்குழுத் தேர்தலிலும் மனுக்கள் பற்றிய தீர்மானங்களிலும் வாடகைதாரர் வாக்களிப்பதற்கு நான் தடை சொல்லமாட்டேன். ஆனால் வீட்டுக்கு இவ்வளவு என்று நிதி திரட்டும் தீர்மானத்தில் உரிமையாளர் மட்டுமே வாக்களிக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதற்கில்லை. வியாபாரிகள் மீதான மனுவைத் திரும்பப் பெறுவதையும் ஏற்கமாட்டேன். அந்தச் சந்திப்பில் ஆம்புலன்ஸ் நின்றுபோனதை நேரில் பார்த்தவன் நான்.

மாடம்பாக்கம் மங்கை

நிதித் தீர்மானத்தில் யார் பணம் கட்டுகிறாரோ அவருக்கு வாக்கு என்று எழுதுங்கள். உரிமையாளருக்கு என்று எழுதாதீர்கள். நான் கட்டினால் எனக்கு வாக்கு வேண்டும், கட்டாவிட்டால் வேண்டாம். மனுவைத் திரும்பப் பெறாவிட்டாலும், "அனைவரின் சார்பாக" என்பதை நீக்கி, எத்தனை உறுப்பினர்கள் கூடி எத்தனை பேர் ஆதரித்தார்கள் என்ற எண்ணிக்கையைக் குறிப்பிட்டுத் திருத்திய மனுவைக் கொடுங்கள்.

செம்பாக்கத்தான்

எண்ணிக்கையைப் போட்டால் அதிகாரி மனுவை ஓரமாக வைத்துவிடுவார், அம்மா. கூட்டத்துக்கு வருகிறவர்கள் முப்பது பேரைத் தாண்டுவதில்லை.

மாடம்பாக்கம் மங்கை

வாக்கு இருந்தால் நாங்களும் வருவோம், ஐயா. பணம் கட்டியவருக்கே வாக்கு என்ற திருத்தத்தை எழுத்தில் தயாரிக்கிறேன். நாங்கள் முன்மொழிய முடியாது என்பதால், உரிமையாளர் ஒருவர் அதைப் பொதுக்குழுவில் முன்மொழிய வேண்டும். கையெழுத்திட முன்வருகிறவர்கள் இங்கேயே தெரிவியுங்கள்.

முடிச்சூர் ஆசிரியை

நான் வேறு சங்கத்தைச் சேர்ந்தவள் என்பதால் கையெழுத்திட இயலாது. கூட்டமைப்புக்கான முதல் கூட்டத்தை மழைக்கு முன் செம்பாக்கத்தில் நடத்தலாமா என்று செம்பாக்கத்தான் ஐயா சொன்னால், மேற்குப் பகுதிச் சங்கங்களை அழைத்துவரும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.